இடது கைக்கு என்ன பேச்சு

பிப்ரவரி 9

சின்னுவுக்கு,

நீ செய்த தவறு இதுதான்: வேலை நடந்துகொண்டிருக்கும்போது, பாதி வாக்கியத்தில், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போனாய். தண்ணீர் குடிக்கப் போகிறாய் என்று நினைத்து என் வலது கையைக் கீபோர்டிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். நீ பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாய். எதிரில், தன் புத்தகத்தை நம்மிடம் தட்டச்சுக்குக் கொடுத்திருக்கிற தொட்டி எஞ்சினியர் உட்கார்ந்திருந்தார். வெளியாள் முன்னால் என்னை அப்படி விட்டுவிட்டுப் போனது இரண்டாவது தவறு. போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி எழுதாதது மூன்றாவது. உன் முகவரியை உன்னோடு படித்தவளிடம் கெஞ்சி வாங்கினேன். நான் கெஞ்சினேன் என்பதைக் குறித்துக்கொள்.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். கடிதத்தை யாரும் பாதியில் வைக்க முடியாது.

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு கீபோர்டு செருகலாம், இரண்டும் வேலை செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒற்றைக் கீபோர்டில் கைகளைக் குறுக்கிக் குறுக்கித் தட்டித் தோள்பட்டை எரிந்தபோது நானே யோசித்து இரண்டாவதை வாங்கிச் செருகினேன். வலது தொடைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, இடது தொடைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, ஒவ்வொன்றிலும் ஒரு கீபோர்டு. கைகள் தானாகத் தொங்குகிற இடத்தில் எழுத்துகள் இருந்தன. தெருவே சிரித்தது. "என்னக்கா, ரெண்டு பக்கமும் பிள்ளைங்களைப் போட்டுத் தட்டித் தூங்கவைக்கிறீங்களா?" என்று கீழ்க்கடைத் தையல்காரர் கேட்டார். என் வலி போயிற்று. அவர்கள் சிரிப்பும் போயிற்று.

பிறகு கழுத்து நரம்பு என் இடது கையைத் தின்றது. மடங்கிய விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அன்று நாற்காலியை இழுத்து இடது முக்காலிக்கு எதிரே போட்டுக்கொண்டவள் நீ. நான் கூப்பிடவில்லை. நம் தமிழ்ப் பலகையில் உயிரெழுத்துகளும் புள்ளியும் இடது கைப்பக்கம், ‘வ’ மாதிரி ஒன்றிரண்டு தவிர மெய்யெழுத்துகள் வலது கைப்பக்கம். நான் காகிதத்தைப் பார்த்து என் பாதியைத் தட்டுவேன். நீ காகிதத்தைப் பார்க்காமல், என் கீபோர்டின் சத்தத்தைக் கேட்டே உன் பாதியைத் தட்டுவாய். பதினோரு வருஷம். நம் இரண்டு நாற்காலிக்கும் நடுவில் ஓர் ஆள் அகலம் இடம் இருக்கும். "நீங்க ரெண்டு பேரும் தட்டுற மாதிரியே தெரியலம்மா, நடுவுல ஒருத்தி உக்காந்து தட்டுற மாதிரி இருக்கு" என்று எஞ்சினியர் சொல்வாரே, அந்த இடம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ போன மறுநாள் ஒற்றைக் கையால் வேலையைத் தொடங்கினேன். வாக்கியம் ‘பழைய தண்ணீர்த் தொட்டியின்’ என்று நின்றிருந்தது. அடுத்த சொல்லுக்கு ‘ச’ தட்டினேன். திரையில் ‘சு’ என்று வந்தது. அடுத்து ‘வ’. அது உன் பக்கத்து எழுத்து. நான் தொடவில்லை, வந்தது. ‘ர’ தட்டினேன். அதன் தலையில் புள்ளி விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். உன் நாற்காலி நீ தள்ளிவிட்ட இடத்திலேயே இருந்தது. முக்காலிமேல் இருந்த கீபோர்டில் ஒரு விசை அழுந்தி மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. கம்ப்யூட்டரில் என்ன வித்தை செய்து வைத்துவிட்டுப் போனாய்? உடனே எழுது. என்னைப் பயமுறுத்த நினைத்திருந்தால், நான் பயப்படவில்லை. மூன்று அத்தியாயம் முடித்துவிட்டேன்.

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

வித்தை எதுவும் செய்து வைக்கவில்லை. எனக்கு அதெல்லாம் தெரியாது, எனக்கு என்ன தெரியும் என்பது உனக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

பாதி வாக்கியத்தில் எழுந்தேன் என்கிறாய். அதற்கு முந்தைய வாக்கியத்தை ஏன் விட்டுவிட்டாய்? எஞ்சினியர் கேட்டார்: "புத்தகம் முடிஞ்சதும் என்னம்மா பண்ணப் போறே?" நான் சொன்னேன்: "கண்ணாடிக்கடை ஒண்ணுல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க சார், போகலாமான்னு..." நீ தலையைக்கூடத் திருப்பவில்லை. "இடது கைக்கு என்னடி பேச்சு? தட்டு." அவர் சிரித்தார். நீ தட்டிக்கொண்டே இருந்தாய். நானும் இன்னும் மூன்று சொல் தட்டினேன் அக்கா, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பிறகுதான் எழுந்தேன்.

இங்கே மூக்குக்கண்ணாடி கடையில் இருக்கிறேன். வருகிறவர்களின் முகத்தில் சட்டத்தை மாட்டி, காதுக்குப் பின்னால் சரியாக உட்காருகிறதா என்று இரண்டு கையாலும் பிடித்துப் பார்க்கவேண்டும். அடுத்த மாதம் கண்ணாடி தேய்க்கிற சக்கரத்தில் உட்காரவைத்துப் பழக்கப்போவதாக முதலாளியம்மா சொல்லியிருக்கிறார். அவருக்கு வயது எழுபது. கை நடுங்கத் தொடங்கியிருக்கிறது. நான் நன்றாகப் பழகிக்கொண்டால் அந்த இடம் எனக்குத்தான். எனக்கென்று ஒரு வேலை, யாருக்கும் பாதியாக இல்லாமல்.

மாடியில் ஓர் அறை. ஜன்னலுக்கு எதிரே ஒரு சுவர். போதும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், காரணம் கேட்காதே. நீ எந்த நேரத்தில் தட்டுகிறாய்? காலையிலா, பிற்பகலிலா? வேகமாகவா, மெதுவாகவா? எழுது.

சின்னு


பிப்ரவரி 28

சின்னுவுக்கு,

அன்று என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. வேலை நேரத்தில் சொன்னது வேலைக்காகச் சொன்னது. அதைப் பெட்டிக்குள் வைத்து ஊர் தாண்டி எடுத்துப் போவாய் என்று நான் நினைக்கவில்லை.

காலை டிபன் முடிந்ததும் தொடங்குகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்துகிறேன். சில நாள் பிற்பகலிலும் உண்டு. வேகமாகத்தான். ஏன் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை, நீ கேட்டுக்கொண்டபடி.

நடந்ததைச் சொல்கிறேன். உன் பக்கத்துக் கீபோர்டின் வயரைப் பிடுங்கிப் பார்த்தேன். எழுத்து வந்தது. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவரைக் கூப்பிட்டேன். அந்தக் குண்டு ஆள், உனக்குத் தெரியும், எதைப் பார்த்தாலும் வைரஸ் என்பார். வந்து உட்கார்ந்தார்.

"வைரஸா இருக்கும்மா."

"வயரே இல்லையேப்பா. எது வழியா வரும்?"

"வயர் இல்லாம எப்படிம்மா எழுத்து வரும்? நீங்களே ரெண்டையும் தட்டிட்டு மறந்திருப்பீங்க. வயசாச்சுல்ல."

எனக்கு வயசாச்சாம். அவர் மடியில் அந்தக் கீபோர்டைத் தூக்கி வைத்தேன். வயர் தரையில் கிடந்தது. என் பக்கத்தில் நான் தட்டத் தொடங்கினேன். அவர் தொடைமேல் விசைகள் அழுந்தி அழுந்தி எழுந்தன. கோழிக்குஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பத்தி முடியும்வரை நானும் விடவில்லை. "சாப்பிட்டுட்டு வந்துடுறேம்மா" என்று போனவர் வரவில்லை. ஸ்க்ரூடிரைவர் இங்கேதான் கிடக்கிறது.

அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். கதவுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. கூண்டுக்குள் அலகால் கொத்துகிற மாதிரி. அது கவனத்தைக் கலைத்ததால் பழையபடி முக்காலிமேலேயே வைத்துவிட்டேன். வயரையும் செருகிவிட்டேன். சும்மா கிடந்தால் தடுக்கும்.

இப்போது சொல்கிறேன், கேள். அது உன் கைதான். எனக்குச் சந்தேகமில்லை. மதியம் நெருங்க நெருங்க ‘ஐ’ விழவேண்டிய இடத்தில் பக்கத்து விசை ‘ஏ’ விழுகிறது. உலகத்தில் வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்வதில்லை. பசி வந்தால் நீ செய்கிற தப்பு அது. இங்கே இருந்தபோது ‘ஏ’ விழுந்ததும் நான் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பேன். அங்கே யாரும் எழுவதில்லை போலிருக்கிறது. நேற்று அரைப் பக்கம் முழுக்க ‘ஏ’. கடையில் சாப்பாட்டுக்கு விடுவதில்லையா? நேரத்துக்குச் சாப்பிடு.

நீ அங்கே போய்விட்டதாக நினைக்கிறாய். முழுவதும் போகவில்லை. பதினோரு வருஷம் நான் பழக்கிய கை. அதில் பாதி என்னுடையது. அதற்கு அது தெரிந்திருக்கிறது, உனக்குத்தான் தெரியவில்லை.

பதினான்காம் அத்தியாயம் முடியப்போகிறது. எஞ்சினியருக்குச் சந்தோஷம். நீ இல்லை என்பதை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அக்கா


மார்ச் 8

அக்கா,

நிறுத்து. இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அந்த நிமிஷமே நிறுத்து.

உனக்கு எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். வந்த முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. மேசைமேல் சும்மா வைத்த இடது கை தானாகத் தட்டும். பழக்கதோஷம், போய்விடும் என்று நினைத்தேன். பிறகு ஒரு பெரியவருக்குச் சட்டம் மாட்டிக்கொண்டிருந்தேன். என் இடது கை அவர் கன்னத்தில் தட்டத் தொடங்கியது. நெற்றிப்பொட்டு, கன்னம், தாடை என்று மூன்று வரிசையாக, வேகமாக. எடுக்க முடியவில்லை. வலது கையால் பிடித்து இழுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார். விட்டதும் கேட்டார், "என்னம்மா எழுதினே?" கிண்டல் இல்லை அக்கா. நிஜமாகவே கேட்டார்.

தட்டுகிறபோது என்ன எழுதுகிறோம் என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. இங்கேயும் தெரிவதில்லை. அறையில் படுத்திருக்கும்போது வயிற்றின்மேல் தட்டுகிறது. யாருடைய தண்ணீர்த் தொட்டி என் வயிற்றின்மேல் கட்டப்படுகிறது என்று பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

திங்கட்கிழமை முதலாளியம்மா என்னைச் சக்கரத்தில் உட்காரவைத்தார். சக்கரத்தின் விளிம்பில் கண்ணாடியை இரண்டு கைவிரலாலும் பிடித்து மெல்லச் சுற்றவேண்டும். "பயப்படாதே, கைக்கே தெரியும், கையை நம்பு" என்றார். நம்பினேன். நீ எந்த வாக்கியத்தில் இருந்தாய் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி எகிறிப் போயிற்று. இடது கட்டைவிரலின் நுனியைச் சக்கரம் வழித்துவிட்டது. நகத்தில் பாதி இல்லை. ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போதும் மற்ற நான்கு விரலும் நிற்கவில்லை. இயந்திரத்தின் தகரத்தில் தட்டிக்கொண்டே இருந்தன. முதலாளியம்மா பார்த்தார்.

"உனக்கு வலிப்பு ஏதாச்சும் இருக்காம்மா? மறைக்காம சொல்லு."

"இல்லைம்மா."

"அப்போ அந்தக் கை யாரோடது?"

வலது கையால் அதை அமுக்கிப் பிடித்தேன். மாத முடிவுவரை பார்ப்பாராம். கை நின்றால் சக்கரம் எனக்கு. நிற்காவிட்டால் வேறு ஆள். மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை துணியால் இறுக்கிக் கட்டிவைத்திருக்கிறேன்.

இது என் கை. பழக்கியது நீயாக இருக்கலாம். வலிப்பது எனக்கு.

சின்னு


மார்ச் 15

சின்னுவுக்கு,

கடிதம் கிடைத்தது. விரல் என்றதும் பதறிவிட்டேன், பிறகு இடது கட்டைவிரல் என்று படித்தேன். இடைவெளி விசைக்குத்தான் அது. இடைவெளியை என் வலது கட்டைவிரல் பார்த்துக்கொள்ளும். வேலை கெடாது.

நீ எப்போது துணி கட்டினாய் என்று நீ எழுதாமலே எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை. எழுத்துகள் ஈரமான சாக்குக்குள் இருந்து வருகிற மாதிரி வந்தன. புள்ளி விழ எனக்கு மூச்சு வாங்குகிற நேரம் ஆயிற்று. கொம்பு, சுழி எதுவும் சேரவில்லை. திரையில் வெறும் எலும்பாக நின்றது எஞ்சினியரின் புத்தகம். அவர் வந்து பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கட்டை அவிழ்.

நிறுத்து என்கிறாய். எதை நிறுத்த? எனக்கு இருப்பது ஒரு கை. அது செய்கிற வேலை ஒன்று. ஒற்றைக் கையால் இரண்டு பக்கமும் துழாவினால் தோள் எரிகிறது, கழுத்து நரம்பு இழுக்கிறது. இந்தக் கையும் மடங்கிப்போனால் யார் எனக்குச் சோறு ஊட்டுவார்? நீயா, அந்த ஊரிலிருந்தா? புத்தகத்தை முடித்துத் தருகிறேன் என்று சொன்னவள் நான். சொன்னால் சொன்னதுதான். அம்மா போன பிறகு உன்னைப் படிக்கவைக்கிறேன் என்று சொன்னேன். படிக்கவைக்கவில்லையா?

ஒரே வழி இருக்கிறது. திரும்பி வா. நாற்காலியை நகர்த்தவில்லை, நீ தள்ளிய இடத்திலேயே இருக்கிறது. நீ இங்கே உட்கார்ந்து தட்டினால் கை உன் உடம்போடு இருக்கும், கன்னத்திலும் சக்கரத்திலும் போய்த் தட்டாது. வராவிட்டால் அது தனியாக வரும். அதைத் தடுக்க என்னால் ஆகாது, ஆகுமென்றாலும் தடுக்கமாட்டேன்.

‘ஏ’ குறைந்திருக்கிறது. சாப்பிடுகிறாய் என்று தெரிகிறது.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

இந்தக் கடிதம் தட்டச்சில் இருப்பதைப் பார்த்திருப்பாய். கடையின் பின்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. முதலாளியம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு கீபோர்டு செருகினேன். ஒன்று வலது தொடைக்குப் பக்கத்தில், ஒன்று இடது தொடைக்குப் பக்கத்தில். முக்காலி கிடைக்கவில்லை, கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கி உயரம் சரிசெய்தேன். நீ எனக்குச் சொல்லித்தரவில்லை, உன்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன எழுதவேண்டும் என்பதை வாழ்க்கையில் முதல்முறையாக நானே நினைத்தேன். ‘அ’ தட்டினேன். நினைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

வலது பக்கத்துக் கீபோர்டில் ‘க’ அழுந்தியது. இரண்டு முறை. முதல் ‘க’வுக்குப் புள்ளி தானாக விழுந்தது. பிறகு நான் ‘ஆ’ தட்டினேன்.

அக்கா என்று திரையில் இருந்தது.

எழுந்து சுவர் ஓரமாகப் போய் நின்றுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப உட்கார்ந்து ஒரு பத்தி அடித்தேன். பத்தி முடிந்ததும் என்டர் விசை படாரென்று அறை வாங்கியது. அப்படி என்டரை அறைகிறவர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டால் அடுத்த அறை எனக்கு என்று நினைப்பேன்.

வியாழக்கிழமை பிற்பகல் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? சனிக்கிழமை? வலது கை எங்கே இருந்தது? மடியிலா, சுவரிலா? தையல்காரர் முன்னாலா? யார் கன்னத்திலாவது தட்டியதா?

திரும்பி வரமாட்டேன். கட்டை அவிழ்த்துவிட்டேன், நீ சொன்னதற்காக இல்லை, இந்தக் கடிதத்தை அடிப்பதற்காக. இதில் பாதி நீ அடித்தது. என்ன அடிக்கிறாய் என்று உனக்குத் தெரிந்திருக்காது. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நீ தட்டினால் நானும் தட்டுவேன். ஒவ்வொரு நாளும். எஞ்சினியருக்குப் புத்தகம் இருக்கிற மாதிரி எனக்கும் எழுத நிறைய இருக்கிறது. ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றினால் உன்னையே கேட்டுக்கொள்:

வலது கைக்கு என்ன பேச்சு?

சின்னு


ஏப்ரல் 2

சின்னுவுக்கு,

நீ செய்ததும் தவறுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை என் கை அரிசி களைந்துகொண்டிருந்தது. பாத்திரத்தின் விளிம்பில் தட்டத் தொடங்கியது. அரிசியெல்லாம் தரையில். பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை வெந்நீர்க் கெட்டிலைத் தூக்கினேன். எனக்குத் தூக்க ஒரு கைதான் இருக்கிறது, அது உனக்குத் தெரியும். நடுவழியில் விரல்கள் பிரிந்தன. கெட்டில் பாதத்தில் விழுந்தது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், கால் வெந்துபோய்க் கிடந்தது. என் வலது கை தரையில் தட்டிக்கொண்டிருந்தது. நிறுத்திப் பிடிக்க இன்னொரு கை இல்லை. அதன்மேல் உட்கார்ந்தேன். அப்படியும் தட்டியது. ஒரு பத்தி முடிந்ததும் தரையைப் படாரென்று அறைந்தது. சத்தம் கேட்டுத்தான் தையல்காரர் மேலே வந்தார்.

"யாரைக்கா அடிக்கிறீங்க?"

"யாரையும் இல்ல. கடிதம் எழுதுறேன்."

அவர் என் காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார். தண்ணீர் எடுத்து வந்து காலில் ஊற்றினார்.

உன் கடிதம் வந்தபோது உறையைப் பிரிக்கும் முன்பே அதில் பாதி எனக்குப் பழக்கமாக இருந்தது. கடைசி வரிக்கு வந்ததும் கையைப் பார்த்தேன். அதை அடித்ததும் இதே கைதான். ‘வ’ ஒன்று தவிர மெய்யெழுத்து எல்லாம் என்னுடையவை.

இது மன்னிப்புக் கடிதம் இல்லை. அதைத் தேடி வரிக்கு வரி படிக்காதே. ஆனால் மாத முடிவு போய்விட்டது. சக்கரம் கிடைத்ததா இல்லையா என்று நீ எழுதவில்லை. முதலாளியம்மாவுக்கு நானே ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். என்ன எழுதினேன் என்று கேட்காதே. அந்தக் கை யாருடையது என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினேன், அவ்வளவுதான்.

இதைக் காலையில் தட்டுகிறேன். நீ அங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரிகிறது, எழுத்துகள் சுத்தமாக வருகின்றன. ஆகவே இதில் உள்ளதெல்லாம் தபால் வந்து சேரும் முன்பே உன் விரல்களுக்குத் தெரிந்திருக்கும். ‘கீழே எழுதப்போவதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் கையை மூடிக்கொள்’ என்று தட்டிவிட்டுச் சற்று நேரம் பார்த்தேன். அந்த வரிக்கும் கொம்பும் புள்ளியும் விழுந்தன. அதை உன் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன்.

இனி நடக்கவேண்டியவை.

நீ: காலை வேளையில் சக்கரத்தின் பக்கம் போகக்கூடாது. கண்ணாடி துடை, கணக்கு எழுது, வலது கையால் ஆகிற எதையாவது செய். இடது கையை மேசைமேல் துணி விரித்து வை. கட்டக்கூடாது. எஞ்சினியரின் புத்தகம் முடியும்வரை அது எனக்கு வேண்டும்.

நான்: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கீபோர்டைத் தொடமாட்டேன். எஞ்சினியர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து அவசரம் என்றாலும் தொடமாட்டேன். பிற்பகல் முழுவதும் உன் கை உன்னுடையது. அப்போது சக்கரத்தில் உட்கார்.

முதலாளியம்மா: பிற்பகலில் உன்னைச் சக்கரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு தீர்ப்புச் சொல்லவேண்டும்.

நான்: மாலையில் என் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவேன். அடுப்பு இல்லை, கத்தரி இல்லை. அந்த நேரத்தில் நீ என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள். என்ன எழுதினாய் என்று கேட்கமாட்டேன். என்டரை மெதுவாகத் தட்டச் சொல்லி என் கையிடம் சொல்லிப் பார்க்கிறேன். கேட்குமா என்று தெரியாது.

தையல்காரர்: மாலை வெந்நீரை அவர் போட்டுத் தருவார். சொல்லிவிட்டேன்.

குண்டு ஆள்: ஸ்க்ரூடிரைவரை வந்து எடுத்துக்கொண்டு போகவேண்டும். வாசல்வரை வந்தால் போதும்.

எஞ்சினியர்: புத்தகத்தின் முதல் பக்கத்தில் தட்டச்சு செய்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர் போடவேண்டும். உன் பெயர் இடப்பக்கம். இதை அவரிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு போயிடுச்சேம்மா" என்றார். திரையைப் பார்க்கச் சொன்னேன்.

நீ: மதியத்துக்கு முன்னால் சாப்பிடு. மேலே இரண்டு இடத்தில் ‘ஏ’ விழுந்து நான் திருத்தியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரவர் கை அவரவருக்கு.

கடைசியாக ஒன்று. நம்மில் ஒருத்தி முதலில் போவாள். வரிசைப்படி நான்தான், ஆனால் வரிசை யார் சொன்னபடி நடக்கிறது? அதற்குப் பிறகும் மற்றவள் தன் பாதியைத் தட்டும்போது எதிர்ப் பக்கத்திலிருந்து எழுத்து வந்தால் யாரையும் கூப்பிடக்கூடாது. வயரைப் பிடுங்கக்கூடாது. அலமாரியில் வைத்துப் பூட்டக்கூடாது. மிச்சமிருப்பவள் செய்யவேண்டியது, அது நானாக இருந்தாலும் நீயாக இருந்தாலும்: நாற்காலியைப் பின்னால் தள்ளாமல், அந்த வாக்கியம் முடியும்வரை உட்கார்ந்திருப்பது.

அக்கா